கூதலுக்கு ஒத்திகை

ஜொய்ஸி மிஸியின் நத்தார் இரவை நான் எடுத்து
தை மாதத்து முதல் சனி ஞாயிறை
அவவின் தலையில் கட்டிவிட்டேன்.
ரோஸ்டரில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறது.
பென்சில் என்பதால் ஒருவருக்கும் சொல்லவில்லை,
வீட்டில் மட்டும் சொன்னேன்.
வீட்டில் சொன்னதால் கல்லடி முழுக்கத் தெரியும்.

போறது நுவரெலியா.
செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை,
லுணுகலை, பசறை, பதுளை என்று
கிருஷிகன் பாடமாக்கி வைத்திருக்கிறான்,
ஏழாம் வாய்பாடு இன்னும் வராத பிள்ளை.
மறுகா நானுஓயாவுக்கு ரயில்.
ஜன்னல் யாருக்கு என்பதில்
இப்போதே இரண்டு அடி விழுந்தாயிற்று.

"கூதல் எண்டா எவ்வளவம்மா?" என்றாள் சின்னவள்.
எனக்குத் தெரிந்த கூதல் ஒன்றுதான்:
தடுப்பூசி வைக்கும் பெட்டி.
காலையும் மாலையும் முள்ளைப் பார்த்துக்
கொப்பியில் எழுதுவேன்.
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
தை மாதத்து இரவில் அங்கே எட்டுத்தானாம்.
அப்படியென்றால்
இரண்டு குப்பிகளோடு பயணம் போகிறேன்.
உறைய விடக் கூடாது. சூடேற விடக் கூடாது.
வளைவுகளில் குலுக்கவே கூடாது.
சின்னவள் வாழைச்சேனை போகவே சத்தி எடுப்பாள்.

கனடா மச்சாள் விட்டுப்போன ஜக்கெட் ஒன்று
அலுமாரிக்கு மேலே ஏழு வருஷம்.
உதற, ஒரு கரப்பான் ஓடியது.
பனிக்குள் நடக்கிற ஆட்களுக்குத் தைத்தது;
இரண்டு பிள்ளைகளும் ஒரேயடியாகப் புகுந்து
ஒரு கழுத்தால் இரண்டு தலை நீட்டினார்கள்.
மட்டக்களப்பு வெயில். மூன்று நிமிஷம் தாங்கவில்லை,
குளித்த மாதிரி வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒத்திகை.
பிரிட்ஜின் மேல்தட்டில்
சூடைமீன் பார்சலுக்கும் ஐஸ்தட்டுக்கும் நடுவே
கையை விட்டு எண்ணுகிறார்கள்.
அண்ணன் அறுபத்தொன்று.
தங்கச்சி பதினெட்டு, அதிலும்
பத்துக்குப் பிறகு நேரே பதின்மூன்று.
கரண்ட் பில்லை நினைத்து நான் கத்த
"வாயால புகை வருதா பாருங்க" என்று
என் முகத்துக்கு நேரே ஊதுகிறாள்.
பால்டொபி வாசம்தான் வந்தது.

இவர் சொன்னது ஒன்றே ஒன்று:
"மாரியில இஞ்சயே கூதல்தானே,
பாலத்தில போய் நிண்டாக் காணும்."
சொல்லிவிட்டுச் சீட்டுக்காசைக் கொண்டுவந்து
மேசையில் வைத்து
காற்றில் பறக்காமல் மேலே டோர்ச்சையும் வைத்தார்.

அறைக்காரருக்கு எடுத்தேன். சுடுதண்ணி இருக்கிறதா?
"இருக்குங்க. காலையில ஆறுல இருந்து
எட்டு வரைக்குந்தாங்க.
பிள்ளைங்களுக்குக் காசு இல்லீங்க,
கம்பளிக்கு மட்டுந்தாங்க."
ஸ்பீக்கரில் கேட்டதிலிருந்து வீட்டில் எல்லாமே ங்க.
சோறு காணுங்க.
அண்ணன் கிள்ளிப்போட்டானுங்க.
குதிரைச் சவாரி என்ன விலை என்று கேட்க மறந்துபோனேன்.
மறந்ததாகவே இருக்கட்டும்.

நேற்றுப் பின்நேரம் அவரே எடுத்தார்.
பசறைப் பக்கம் மண் சரிஞ்சிருக்குங்க,
ஒத்தைப் பக்கமாத்தான் வண்டி விடுறாங்க,
வியாழக்கிழமை ஒருக்கா கேட்டுப் பாருங்க.
ஸ்பீக்கர் போடாமல் கேட்டேன்.
"என்னவாம்?" என்று மூன்று பேரும் ஒரே குரலில்.
சுடுதண்ணி ஒன்பது மணி மட்டும் வருமாம் என்றேன்.

இரவு. தகரத்தில் மழை.
இரண்டும் ஸ்வெட்டரோடு படுத்திருக்கிறார்கள்:
ஒன்று பக்கத்து வீட்டு ஷர்மிதாவின் பழசு, கத்தரிப்பூ நிறம்;
மற்றது நான் நைட் டியூட்டிக்குப் போடுவது.
பழகவேண்டுமாம்.
கழுத்தெல்லாம் வேர்வை.
கழற்றப் போனால்
நித்திரையிலேயே இறுக்கிப் பிடிக்கிறாள்.
ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

மறுகா, ஒருவரும் முழிப்பில்லை என்று பார்த்து,
பிரிட்ஜைத் திறந்து
நானும் கையை விட்டு எண்ணினேன்.
நாற்பதுக்கு மேல் ஏலவில்லை.
அறுபத்தொன்று பொய்.